அம்புக்காரி பள்ளிக்கூடம் பார்க்கப் போன கதை

தையல் கம்பெனியில் அவளை அம்புக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். செக்கிங் மேஜையில் அவளுக்கு வேலை. தைத்து வரும் சட்டையை முதலில் முகப்பில் பார்ப்பாள், பொத்தானை இழுத்துப் பார்ப்பாள், அப்புறம் சட்டென்று உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிவிடுவாள். ஒரு சட்டையின் யோக்கியதை உள்பக்கத்தில்தான் தெரியும் என்பது அவள் கட்சி. எங்கே தையல் விட்டிருக்கிறதோ, எங்கே பிசிறு தொங்குகிறதோ, அங்கே ஒரு குட்டி சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அம்பு ஒட்டிய சட்டை, தைத்தவரிடமே திரும்பிப் போகும். அதனால் தையல்காரர்கள் அவளைத் திட்டாத நாள் கிடையாது.

இந்தப் புத்தி வேலையோடு நின்றால் தேவலை. நிற்கவில்லை. கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் சுருள் கிடக்கும். ஒருமுறை நாத்தனார் வீட்டுக்குப் போனபோது புது சோபாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவள், பேச்சு சுவாரஸ்யத்தில் கை தன்பாட்டுக்கு வேலை செய்ய, சோபாவின் ஓரத்தில் தையல் விட்ட இடத்தில் ஒரு அம்பை ஒட்டிவிட்டு வந்துவிட்டாள். நாத்தனார் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேன் ஓட்டும் கணவனுக்கு மட்டும் அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு அடங்காது.

அப்படிப்பட்டவள் தன் ஒரே மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடினாள் என்றால் எப்படித் தேடியிருப்பாள்!

மகளுக்கு வீட்டில் வாய் ஓயாது. தூங்கும்போதும் ஏதாவது முனகிக்கொண்டே தூங்குவாள். ஆனால் வாசலைத் தாண்டிவிட்டால் வாயில் பூட்டு விழுந்துவிடும். கடைக்காரர் கேட்டாலும் பதில் வராது, பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சினாலும் பதில் வராது. அம்மாவின் கைப்பை வாரைப் பிடித்துக்கொண்டு உம்மென்று நிற்பாள்.

நாத்தனார் பிள்ளைகள் படிக்கும் பெரிய பள்ளிக்கூடத்தில் இதுதான் வினையாக வந்தது. அங்கே ஒரு அம்மாள் படம் படமாகக் காட்டி, "இது என்ன கலர்? இது என்ன பழம்?" என்று கேட்டுக்கொண்டே போனாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. "வீட்ல பேசப் பழக்கிட்டு அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க," என்று அனுப்பிவிட்டார்கள். தெருவுக்கு வந்ததும் பிள்ளை சொன்னது: "அம்மா, அந்த ஆன்ட்டி காட்டின பந்து ஆரஞ்சும் இல்ல, சிவப்பும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல. அது தெரியாம கேக்கறாங்க."

அம்புக்காரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இதை உள்ளே சொல்லியிருக்கக் கூடாதா!

மிச்சம் இருந்தது தெருக்கோடியில் இருக்கும் அரசாங்க ஆரம்பப் பள்ளிக்கூடம்தான். நாத்தனார் போனில் பதறிப்போனாள். "அங்கயா? பெத்த பிள்ளையை அங்க கொண்டுபோய் தள்ளப் போறியா? சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேக்குது. வாய் பேசாத பிள்ளைய யாரு கவனிப்பா?"

கணவன் சொன்னான்: "நானும் அந்த மாதிரி ஸ்கூல்லதானே படிச்சேன்."

"அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு," என்றாள் அம்புக்காரி. அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம் என்றால் பிள்ளைக்கு ஒரு வருஷம் வீட்டிலேயே போய்விடும். வாயில் விழுந்த பூட்டு இன்னும் இறுகிவிடும். இந்த நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தலைமையாசிரியை போனில் யாருடனோ தண்ணீர்த் தொட்டிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இவள் வந்த விஷயத்தைச் சொன்னதும் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "நான் சொன்னா என் ஸ்கூல நானே புகழ்ற மாதிரி இருக்கும். நீங்களே போய் சுத்திப் பாருங்கம்மா. எந்தக் கதவும் பூட்டல," என்றார். மறுபடி தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டார்.

அம்புக்காரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முகப்பை விட்டுவிட்டாள். வாசலில் எழுதியிருந்த நல்வார்த்தைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போனாள். கழிப்பறைக் கதவைத் திறந்து மூக்கை நீட்டினாள். பினாயில் வாசனை. கதவின் தாழ்ப்பாள் பெரியவர்கள் உயரத்தில் இருந்தது. 'பிள்ளைக்கு எப்படி எட்டும்?' என்று பார்த்தால், தாழ்ப்பாளில் ஒரு கயிறு கட்டி, நுனியில் மரக்கட்டை கோத்துக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். இழுத்துப் பார்த்தாள். பூட்டியது. மறுபடி இழுத்தாள். திறந்தது. யாரோ ஒருவர் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து யோசித்திருக்கிறார். நல்ல ஒட்டுத் தையலைக் கண்டால் வருகிற மரியாதை அவளுக்கு வந்தது.

அதற்காக விட்டுவிடுவாளா? ஒரு குழாய் சொட்டியது. ஒரு ஜன்னல் வலை கிழிந்திருந்தது. வராந்தா பெஞ்சில் ஒரு ஆணி தலை தூக்கியிருந்தது. ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க அவளுக்குள் தராசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடியது. பிள்ளை பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

ஒன்றாம் வகுப்பை நெருங்கும்போதே காது அடைத்தது. நாத்தனார் சொன்னதில் பொய்யில்லை. உள்ளே டீச்சர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பிள்ளைகள் புளியங்கொட்டையைக் கொட்டினாற்போல் இறைந்து கிடந்தார்கள். ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள், ஒருவன் தலைகீழாக நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்புக்காரி டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "என் பொண்ணு டீச்சர். எல்லாம் தெரியும். ஆனா வெளியில வாயே திறக்க மாட்டா. அவகிட்ட இருக்கற ஒரே குறை அதுதான்."

குரலைத் தாழ்த்தினாளே தவிர, கைப்பை வாரைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குக் காது இல்லையா என்ன? பெரியவர்களுக்கு இது எப்போதும் மறந்துபோகும்.

"சரி, உக்காரட்டும்," என்றாள் டீச்சர். அவ்வளவுதான். ஏன் பேசமாட்டாள், எப்போதிருந்து, டாக்டரிடம் காட்டினீர்களா, ஒன்றும் கேட்கவில்லை. அம்புக்காரிக்குச் சப்பென்று போய்விட்டது. 'இவ்வளவுதானா அக்கறை? வேண்டவே வேண்டாம்,' என்று முடிவுக்கே வந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே போயிருந்த ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். முன்பல் இரண்டும் இல்லாத பொக்கைவாய். "டீச்சர்! பெஞ்சுல அம்பு ஒட்டியிருக்கு! குழாய்லயும் இருக்கு! ஜன்னல்லயும் இருக்கு!"

அம்புக்காரி அவசரமாகக் கைப்பைக்குள் பார்த்தாள். சுருள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன கை, அவளைக் கேட்காமலே வழிநெடுக ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது!

வகுப்பு முழுக்க வராந்தாவுக்குப் பாய்ந்தது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று புதையல் எடுத்த மாதிரி கூச்சல். கூச்சல் கேட்டுத் தலைமையாசிரியையும் வந்தார். "என் மேஜைக் காலுலயும் ஒண்ணு இருக்கு. யாரு பாத்த வேலை?"

"நான்தான் மேடம்," என்றாள் அம்புக்காரி. முகத்தில் அசடு வழிந்தது. "வேணும்னு செய்யல. கம்பெனியில செக்கிங் வேலை. பழுது எங்க இருக்கோ அங்க ஒட்டி ஒட்டி கை பழகிப் போச்சு. மன்னிச்சிருங்க."

தலைமையாசிரியை அவளை மேலும் கீழும் பார்த்தார். "மன்னிக்கறதா? ரிப்பேர் பாக்கறவர் வந்தா எது எது பழுதுன்னு ஒவ்வொண்ணா காட்டணுமேன்னு இருந்தேன். வேலை மிச்சம். அந்த மேஜைக் காலு ஆடறது எனக்கே தெரியாது."

பொக்கைவாய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றாள். "பழுதா இருந்தா அம்பு ஒட்டுவாங்களா? அப்ப எனக்கும் ஒண்ணு குடுங்க. எனக்குப் பல்லு ரெண்டும் போயிடுச்சு."

போதாதா? எனக்கு முட்டி உரிஞ்சிருக்கு, எனக்குச் சட்டைப் பொத்தான் இல்லை, எனக்கு மூக்கு ஒழுகுது என்று எல்லாக் கைகளும் நீண்டன. பழுது இல்லாத ஒரு பிள்ளைகூட அந்த வகுப்பில் இல்லை என்று ஆகிவிட்டது. அம்புக்காரி சுருளை அப்படியே கொடுத்துவிட்டாள். டீச்சர் தனக்கும் ஒன்று கேட்டு வாங்கித் தொண்டையில் ஒட்டிக்கொண்டாள். "உங்ககிட்ட கத்திக் கத்திப் போன தொண்டை இது," என்றதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அம்புக்காரிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மகளைத் தேடினாள். பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

பிள்ளை வகுப்பின் மூலையில் தனியாக நின்றாள். மூடிய உதட்டின்மேல் ஒரு சிவப்பு அம்பு.

ஒட்டியது பிள்ளையின் விரல்தான். ஆனால் அங்கேதான் பழுது என்று காட்டிக்கொடுத்தது யார்? ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது யார்? இப்போது, கொஞ்ச நேரம் முன்னால், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னது யார்? அம்புக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய் அதைப் பிய்த்து எறிய வேண்டும் என்று கால் எடுத்து வைத்தாள்.

டீச்சர் அவள் கையைப் பிடித்தாள். "கொஞ்சம் பொறுங்க. அவங்க பாத்துக்குவாங்க."

அதற்குள் பொக்கைவாய் பிள்ளையின் முன்னால் போய் நின்றிருந்தாள். "உனக்கு என்ன?" என்று கேட்டாள்.

பிள்ளை அம்பை விரலால் இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"உனக்கும் பல்லு போச்சா? காட்டு."

பொக்கைவாய் ஒரு ஓரத்தைப் பிடித்து மெதுவாக அம்பை உரித்தாள். பிள்ளை வாயைத் திறந்தாள். பொக்கைவாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். இன்னும் சிலர் வந்து எட்டிப் பார்த்தார்கள். பொக்கைவாய் பார்த்து முடித்து, இடுப்பில் கை வைத்து, "ஒண்ணுமே போகல! எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சும்மா ஒட்டிக்கிட்டா!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

பிள்ளையின் முகம் சிவந்தது. மூக்கு விடைத்தது. பொய் சொன்னதாகப் பழி வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"ஆடுது!" என்றாள். "கீழ்ப்பல்லு ஆடுது!"

அம்புக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க?" என்றாள் பொக்கைவாய்.

"இது. தொட்டுப் பாரு. அழுத்தாதே, வலிக்கும். மெதுவா. இல்ல, அது இல்ல, பக்கத்துல இருக்கறது."

"ஆமாடி! ஆடுது!" பொக்கைவாய்க்கு ஒரே சந்தோஷம். ஆளாளுக்கு "நான், நான்" என்று முண்டினார்கள். டீச்சர் கைதட்டவில்லை, ஆஹா பேசிவிட்டாள் என்று கொண்டாடவில்லை. "கை கழுவிட்டு வந்து தொடுங்க. நானும் பாக்கணும்," என்று வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் பேரைப் பதிந்துவிட்டு மதியம் வீட்டுக்கு நடந்து வரும்போது அம்புக்காரி மகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தினமும் அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு யாரிடமாவது பேசினாயா, ஏன் பேசவில்லை, நாளைக்காவது பேசுவாயா என்று அந்த வாயைச் சுற்றியேதான் அவள் பொழுது போனது. அந்த வாய்க்குள் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. பொக்கைவாய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், உனக்கு என்ன என்று. அதை இவள் ஒருநாளும் கேட்டதில்லை.

தெருவிலேயே குனிந்து உட்கார்ந்தாள். "எப்பலேருந்துடா ஆடுது?"

"ரொம்ப நாளா."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

பிள்ளை செருப்பைப் பார்த்தாள். "ஆடுனா பழுதுதானே? பழுதுன்னா நீ திருப்பி அனுப்பிடுவியே."

அம்புக்காரி பிள்ளையை இழுத்துக் கட்டிக்கொண்டாள். போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை. "உன்னையா? உன்னை எங்கடி திருப்பி அனுப்புவேன்? யாருக்குக் குடுப்பேன்? ஆடுனா நல்லதுடா கண்ணு. அந்தப் பல்லு போயி புதுசு ஒண்ணு..."

"தெரியும்மா. அவ சொல்லிட்டா," என்றாள் பிள்ளை, கட்டிக்கொண்ட கைக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி. "அவளுக்குப் புதுசு எட்டிப் பாக்குது, காட்டினா. நல்லா இறுக்கிப் பிடிக்காதேம்மா, பல்லு இப்பவே விழுந்துடும்."

"விழட்டுமே. அம்மா இருக்கேன்ல?"

"வேண்டாம். நாளைக்கு ஸ்கூல்ல விழணும். எல்லாரும் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க."

அம்புக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ராத்திரிக்குக் கடிக்க வேண்டாத மாதிரி எதையாவது குழைய வடித்துக் கொடுத்துவிட்டால் பல் நாளைக்குக் காலைவரை தாங்கும் என்று கணக்குப் போட்டபடி வீட்டைப் பார்த்து நடந்தாள்.