எழில்மொழி எழுதாத ஒன்று

ஜெராக்ஸ் எடுக்கத்தான் போனேன். ஒரு ரேஷன் கார்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனதற்கு நான் பொறுப்பில்லை. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் மனோகரன் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் ஜெராக்ஸ் மிஷினுக்கும் வகுப்புக்கும் நடுவே பாதி விலகிய ஒரு துணித் திரைதான். காதை வீட்டிலா விட்டு வர முடியும்?

எங்கள் தெரு அசோகன் மகள் எழில்மொழி நோட்டும் கையுமாக நின்றிருந்தாள். மறுநாள் செய்முறைத் தேர்வு. ரெகார்டு நோட்டில் மனோகரன் கையெழுத்து இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். மற்ற பதினோரு பேரும் வாங்கியாயிற்று. ஏன் வாங்க மாட்டார்கள்? அங்கே ரெகார்டு எழுதுவதென்றால் போன வருஷத்து நோட்டை அப்படியே பார்த்து எழுதுவது.

கணக்கு இதுதான்: ஒன்றிலிருந்து ஆயிரம் வரை உள்ள நிறைவெண்களை புரோகிராம் கண்டுபிடிக்க வேண்டும். ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களில், அந்த எண்ணை மட்டும் விட்டு மற்றவற்றைக் கூட்டினால் அதே எண் வர வேண்டும். ஆறுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, கூட்டினால் ஆறு. எனக்கே புரிந்தது, பாருங்கள்.

எல்லார் நோட்டிலும் விடை 1, 6, 28, 496. இவள் நோட்டில் முதலில் வரும் அந்த 1 இல்லை.

"ஒன்ன எழுதிட்டு வா, சைன் போடறேன்" என்றார் மனோகரன்.

"எழுத மாட்டேன் சார். ஒன்ன வகுக்கறது ஒன்னு மட்டுந்தான். அதையும் வுட்டுட்டா கூட்டறதுக்கு இன்னா கீது?"

"பத்து வருசமா நாலு நம்பர் வருது. நீ இன்னா பெரிய மேதையா?"

"பத்து வருசமா தப்பு சார். எல்லா நம்பரையும் ஒன்னு வகுக்கும்னு, கூட்டுத்தொகையில மொதல்லயே ஒன்னப் போட்டு வெச்சிகீறாங்க. அதான் ஒன்னும் உள்ள பூந்துடுது. நான் சைபர்லேர்ந்து ஆரம்பிச்சேன்."

பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி ராஜாத்தி அவள் துப்பட்டாவை இழுத்தாள். "ஒரு கோடுதானேடி, போட்டுட்டுப் போயேன்!"

"நீ வேணா போடு. என் கை வராது."

"அப்போ எக்ஸாம் கெடையாது" என்று மனோகரன் நோட்டைத் தள்ளினார்.

"சரி சார். நாளைக்கு எக்ஸாமினர் வருவாரு இல்ல? வாசல் கேட்டாண்ட நின்னு அவரையே கேக்கறேன், ஒன்னு எப்டி வரும்னு."

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேஜைக்கடியில் ஒரு விரலை நீட்டினார். கொஞ்ச நேரம் யோசித்து அதையும் மடக்கினார். பிறகு நோட்டை இழுத்துக் கையெழுத்தைக் கிறுக்கினார்.

"எடுத்துகினு கெளம்பு."

வாங்கிக்கொண்டு ஓட வேண்டியதுதானே? ஓடவில்லை.

"மத்த பதினோரு நோட்டு சார்?"

"அதுல சைன் போட்டாச்சு."

"அந்த ஒன்ன அடிச்சிட்டு திரும்பப் போடுங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.