தமிழ் வந்தால் முதலிலிருந்து

முகப்பேரில் அந்த பேக்கரி மாடிப்படியில் கஜபதி சாரும் நானும் எதிரெதிரே பார்த்துக்கொண்டபோது இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. அவர் எங்கள் கம்பெனி மேனேஜர். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற கம்பெனி அது. நான் அங்கே இருபத்திரண்டு வருஷமாக ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். போன வருஷம் புனேக்காரர்கள் கம்பெனியை வாங்கினார்கள். அன்றிலிருந்து நோட்டீஸ் போர்டு முதல் கக்கூஸ் கதவு வரை எல்லாம் இங்கிலீஷ். வேலை நிலைக்க வேண்டுமானால் நாலு வார்த்தை பேசக் கத்துக்கோ என்று என் மனைவி ஞானகுமாரி என்னை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் தள்ளிவிட்டாள். வெள்ளானூரில் கட்டிய வீட்டுக்கு இன்னும் பூச்சு வேலைகூட முடியவில்லை. அவள் பயம் அவளுக்கு.

தெரிந்தவன் கண்ணில் படக் கூடாதென்றுதான் வீட்டுக்குப் பக்கத்து ஆவடியை விட்டு முகப்பேரில் இந்த பேக்கரி மாடி வகுப்புக்கு வந்தேன். அவரும் அதே கணக்குப் போட்டு வந்திருக்கிறார். மீட்டிங்கில் "எஸ், எஸ்" என்று தலையாட்டியே மனுஷன் ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"யோவ் இக்னேஷியஸ், நீ என்னப் பாக்கல. நானும் உன்னப் பாக்கல," என்றார்.

"நான் யாரையும் பாக்கல சார்," என்றேன்.

டீச்சர் திவ்யாவுக்கு என் மகள் ஜாஸ்லின் வயசுதான் இருக்கும். ஆனால் கண்டிப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழுவாகச் சேர்ந்து நடித்துப் பேச வேண்டும். காட்சியை அவரவர் வாழ்க்கையிலிருந்து கொண்டுவர வேண்டும். நடுவில் யார் வாயிலாவது தமிழ் வந்துவிட்டால் "ஸ்டார்ட் அகெய்ன்" என்பார். அவ்வளவுதான், மொத்தக் காட்சியும் முதல் வரியிலிருந்து மறுபடி. பூந்தமல்லியில் துணிக்கடை வைத்திருக்கும் அஷ்ரஃபுன்னிசா அக்கா, மகனுடைய பிரின்சிபாலைப் பார்க்கப் போகும் காட்சியைக் கொண்டுவந்தார். நான் பிரின்சிபால். ஒவ்வொரு தடவையும் பாதியில் அக்கா "அல்லா, எம் புள்ள அப்டி கெடயாது சார்" என்று உடைந்துவிடுவார். அன்றைக்கு மட்டும் ஒன்பது தடவை குட் மார்னிங் சொன்னேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நடிப்பு புதுசில்லை. எங்கள் கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் பதினொரு வருஷம் நான்தான் ஏரோது ராஜா. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. அதுதான் என்னைக் குழியில் தள்ளியது.

மூன்றாவது வாரம் கஜபதி சார் ஒரு தாளோடு வந்தார். காட்சி என்னவென்றால், மேனேஜர் ஒருவர் பழைய தொழிலாளி ஒருவனை வேலையை விட்டு அனுப்புகிறார்.

"யாரு சார் அந்தப் பாவி?" என்று படிக்கட்டிலேயே கேட்டேன்.

"சும்மா, கற்பனைய்யா."

கற்பனை! கேன்டீன் சாம்பாரைக்கூட மாற்றத் தோன்றாத மனுஷனுக்குக் கற்பனை! அப்போதே உறைத்திருக்க வேண்டும். எனக்குத்தான் தொழிலாளி வேஷம் என்றதும் மற்றதெல்லாம் மறந்துபோனது. அக்காவுக்கு ஹெச்.ஆர். வேஷம். கஜபதி சார் எடுத்த எடுப்பில் "யுவர் ஜாப் இஸ் ஃபினிஷ்ட்" என்றார். இது என்ன நாடகம்? எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் கீழே டீ குடிக்கும்போது பாடம் எடுத்தேன்.

"இன்னா சார் இது, தூக்குல போடற மாதிரி கீது? மொதல்ல உக்காரச் சொல்லுங்க. அப்பால பாராட்டுங்க. இத்தினி வருஷம் ஒழச்சவன் பாராட்டுல மயங்கிடுவான். அப்பால சொன்னா சத்தமே போட மாட்டான்."

அவர் மளமளவென்று எழுதிக்கொண்டார். கடைசியில் தொழிலாளி "ஐ அண்டர்ஸ்டாண்ட், சார்" என்பான். அதைக் கேட்டதும் மேனேஜர் எழுந்து கைகொடுத்து, கையெழுத்துக்குத் தாளை நீட்டுவார். அந்த வரியையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஐந்து ஞாயிறு ஒத்திகை. ஐந்தாவது ஞாயிறு நான் அதைச் சொன்ன விதத்தில் அக்கா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை காலை பத்தரைக்கு என்னை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் லேப்டாப். திரையில் புனே மேடம், தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாதவர். கஜபதி சார் டை கட்டியிருந்தார்.

"குட் மார்னிங், இக்னேஷியஸ். ப்ளீஸ் சிட் டவுன்."

உட்கார்ந்தேன். மேடத்துக்கு நடித்துக் காட்டப் போகிறாரோ என்றுகூட நினைத்தேன். "யூ ஆர் எ வெரி சின்சியர் ஒர்க்கர்" என்றார். அது என் வரி. "வீ வில் ரிமெம்பர் யுவர் சர்வீஸ்" என்றார். அதுவும் என் வரி. அப்போதுதான் உறைத்தது. இருபத்திரண்டு வருஷம், பூசாத வீடு, ஜாஸ்லின் படிப்பு. என் கழுத்துக்கு நானே அரிவாளைச் சாணை பிடித்து, கூர் போதுமா என்று விரல் வைத்தும் பார்த்திருக்கிறேன்!

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். இனி என் முறை. அந்த ஒரு வரியை நான் சொன்னால் அவர் எழுவார், கைகொடுப்பார், தாள் வரும், கதை முடிந்தது. ஐந்து வாரப் பழக்கத்தில் வாய்கூடத் திறந்துவிட்டது.

"எனக்குப் புரியல சார்."

வந்தது அதுதான். கஜபதி சார் திகைத்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"குட் மார்னிங், இக்னேஷியஸ். ப்ளீஸ் சிட் டவுன்."

நான் உட்கார்ந்துதான் இருந்தேன். அவர் ஒரு வரி விடாமல் மறுபடி ஒப்பித்தார். சின்சியர் ஒர்க்கர், சர்வீஸ், எல்லாம். மேடத்தின் முகம் திரைக்குப் பக்கத்தில் வந்தது. முதல் தடவை பயத்தில் வந்த தமிழ். இரண்டாம் தடவை வேண்டுமென்றே சொன்னேன்.

"இன்னும் புரியல சார்."

"குட் மார்னிங், இக்னேஷியஸ்..."

"கஜபதி, ஆர் யூ ஆல் ரைட்?" என்றார் மேடம்.

"எஸ், எஸ்," என்றார் அவர்.

இக்னேஷியஸ் என்ன சொல்கிறார், அவருக்கு என்ன காரணம் சொன்னீர்கள் என்று மேடம் இங்கிலீஷில் படபடவென்று கேட்டார். அதற்கும் "எஸ், எஸ்" தான். மனப்பாடம் பண்ணியதில் அதற்குப் பதில் இல்லை. எனக்கு அவர்மேல் கோபத்தைவிட இரக்கம்தான் வந்தது. இந்த நேரத்தில் இரக்கம் வருகிறதே என்று என்மேலேயே எரிச்சலும் வந்தது. இது முறையாக நடக்கவில்லை, ஒரு மாசம் கழித்து மறுபடி வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார். அதை கஜபதி சாருக்கு நான்தான் தமிழில் சொன்னேன்.

அவர் டையைத் தளர்த்தினார். "ஏன்யா, அந்த ஒரு வரியச் சொன்னா இன்னா? நல்லாத்தான சொல்லிகினு இருந்த?"

"அது வேற ஆளு சார். கற்பனைன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் லேப்டாப்பை மூடினார். அப்புறம் சன்னமாக, "ஞாயித்துக்கெழம வருவல்ல? நீ இல்லன்னா எனக்குப் பேச வராதுய்யா," என்றார்.

"வரேன் சார். ஆனா இந்த தபா நான் மேனேஜரு. நீங்க அந்த ஆளு."

ஞாயிற்றுக்கிழமை அதே காட்சி. அவரை உட்காரவைத்தேன். பாராட்டினேன். எத்தனை வருஷம் சர்வீஸ் என்று தாளில் போட்டிருக்கவில்லை, அவருடையதையே சொன்னேன். பதினேழு வருஷம். அவர் தலை குனிந்தது. வேலை இல்லை என்றேன். இனி அவர் வரி. வகுப்பே காத்திருந்தது.

"எதுக்குய்யா என்ன அனுப்பற?" என்றார் கஜபதி சார்.

"தமிழ்," என்றார் திவ்யா டீச்சர். "ஸ்டார்ட் அகெய்ன்."

நான் டையில்லாத என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தேன்.

"குட் மார்னிங், கஜபதி. ப்ளீஸ் சிட் டவுன்."