வெளிப்பக்கம் பார்த்த செருப்பு

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஜோசப் ராஜ் நடத்திய வீடியோ கடையில் யாரும் இரண்டாம் முறை சீண்டாத ஒரு தட்டு இருந்தது. சிங்கப்பூரிலிருந்து மச்சினன் அனுப்பிய ஜப்பான் நிஞ்சாப் படங்கள், அத்தனையும் பழைய கறுப்பு வெள்ளை. நிஞ்சா என்ற பெயரைப் பார்த்து ஆசையாக எடுத்துப் போகிறவர்கள் மறுநாளே கேசட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

"என்ன ராஜு, ஒருத்தனும் பறக்கல? கூரையில படுத்தவன் படுத்தவன்தான். மழை மட்டும் நல்லாப் பெய்யுது."

அந்தத் தட்டுக்கு ஊரிலேயே ஒரே ரசிகர் ஏகப்பன். நாற்பத்து மூன்று வயது, கல்லுக்கட்டித் தெருவில் ஒரு மின்சாமான் கடையில் வேலை, கல்யாணமாகாதவர். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் வந்து கடையின் பின்னறையில் உட்கார்ந்துவிடுவார். நிஞ்சா என்றால் முகமூடி போட்டுக் குட்டிக்கரணம் அடிப்பவன் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும்.

"அவன் வேவு பாக்குறவன்யா. பறந்தா ஊருக்கே தெரிஞ்சு போயிருமே! காத்துக் கெடக்குறதுதான் அவன் வித்தை. அந்த மழையக் கவனிங்க. மழை விட்டா அவன் மூச்சுச் சத்தம் கீழ கேட்டுரும். அதுக்குப் பயந்துதான் அவன் மேகத்தப் பாக்குறான்."

ஜோசப் ராஜ் கவனித்துப் பார்ப்பார். இரண்டாவது கொட்டாவிக்குள் தூங்கிவிடுவார்.

ஏகப்பனுக்கு அந்தப் படங்கள் பிடித்ததில் ஆச்சரியமே இல்லை. அவர் பார்த்ததும் அதே வேலைதான். சொந்தபந்தத்தில் யார் வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தாலும் சம்பந்தம் பேசும் வீட்டாரைப் பற்றிக் கமுக்கமாக விசாரித்து வர அவரைத்தான் அனுப்புவார்கள். வழி தவறியவர்போல அந்த ஊருக்குப் போவார். டீக்கடையில் உட்காருவார், வீட்டு வாசலில் ஒரு செம்பு தண்ணீர் கேட்பார், கண்ணும் காதும் திறந்திருக்கும், வாய் மட்டும் திறக்காது. அவர் சொல்லி நடந்த கல்யாணங்கள் எத்தனையோ. அந்தக் கல்யாணங்களில் அவரைப் பந்திக்குக் கூப்பிடத்தான் ஆளிருக்காது. நகரத்தார் வழக்கப்படி கல்யாணமானால்தான் குலக்கோவிலில் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம், என்று கணக்கில் சேர்ப்பார்கள். இளையாத்தங்குடிக் கோவில் கணக்கில் ஏகப்பன் என்று ஒரு புள்ளி கிடையாது. இது அவருக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

தொழிலில் அவருக்கு ஒரு விதி இருந்தது. எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் ஒரு குறை சொல்லியே தீர வேண்டும். குறையே இல்லை என்றால், 'அங்க கை நனைச்சுட்டு வந்துட்டான்' என்று சந்தேகப்படுவார்கள். அதனால் குறட்டை, உறைப்புத் தீனி என்று எதையாவது சேர்த்துக்கொள்வார். படங்களிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கமும் ஒன்று உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பை வெளிப்பக்கம் பார்த்தபடி கழற்றி வைப்பார், சட்டென்று மாட்டிக்கொண்டு கிளம்பத் தோதாக.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆவணியில் பெரியப்பா மகள் தேனம்மை ஆச்சி அவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"மானகிரியில மீனாள்னு ஒரு டீச்சர். தாயாரு நோயப் பாத்ததுல வயசு போயிருச்சு, முப்பத்தெட்டு. நம்ம கோவில் இல்ல, வேற கோவில், அதனால கட்டிக்கிற முறையாகும். நீ போயிப் பாத்துட்டு வா."

"மாப்பிள்ளை யாரு ஆச்சி?"

"அத அப்புறம் சொல்றேன்."

போனார். வெயில் உச்சியில் நின்றது. ஊரில் அந்தம்மாவைப் பற்றி நல்லதைத் தவிர யாரும் எதுவும் சொல்லவில்லை. வாசலில் நின்று மேற்கே அடுத்த ஊருக்கு வழி கேட்டார். மீனாள் வழியைச் சொன்னாள். "இந்த வெயில்ல எப்படி நடப்பீக? உக்காந்து மோர் குடிச்சுட்டுப் போங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். உள்ளே தகப்பனாருக்குப் பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். வேடிக்கையான செய்தி வந்ததும் வாசிப்பை நிறுத்திவிட்டுத் தானே முதலில் சிரித்தாள். ஏகப்பன் மோரை மிக மெதுவாகக் குடித்தார்.

ஆச்சியிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதே தன் குரல் இளகுவது அவருக்கே கேட்டது. ஆச்சி வேறு கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் குறட்டையும் உறைப்பும் மறந்துபோயின.

"ஒரே குறை ஆச்சி. முசுடு. வந்தவுக மொகம் பாத்துப் பேசாது."

ஆச்சி பெருமூச்சு விட்டார். "அப்ப வேணாம். நாளைக்கே ஆள் விட்டுச் சொல்லிருறேன். பேச்சே இல்லாத ஒனக்கு முசுட்டையும் கட்டி வச்சா வீடு சுடுகாடாவுல்ல இருக்கும்?"

"எனக்கா?"

"பின்ன? ஒனக்குன்னு சொன்னா நீ எட்டிப் பாத்திருப்பியா?"

ஏகப்பன் எழுந்து வந்தார். கால்கள் தாமாகவே வீடியோ கடைக்குப் போயின. அவருக்கு ரொம்பப் பிடித்த படம் ஒன்று அந்தத் தட்டில் இருந்தது. ஒரு வேவுகாரன் வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில் படுத்து ஒட்டுக் கேட்கிறான். மேலே நடமாடும் பெண்ணின் குரலில் மனசு போய்விடுகிறது. எஜமான் அதைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று அவளைப் பற்றிப் பொல்லாததாகச் சொல்லிவிடுகிறான். எஜமான் அந்த வீட்டைக் கொளுத்தச் சொல்கிறான். வேவுகாரன் எரிகிற வீட்டைத் தூரத்திலிருந்து பார்த்தபடி நிற்பான், அழக்கூட மாட்டான். அந்த இடத்தில் எப்போதும் ஏகப்பன்தான் அழுவார்.

ஜோசப் ராஜிடம் நடந்ததைச் சொன்னார். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்தப் படத்த எத்தன தடவ பாத்தீக! தூங்குன எனக்கே கதை தெரியுது. பாத்து அழுத ஒங்களுக்குப் புத்தி வரலயே அண்ணே. வீடு இன்னும் எரியல. போங்க!"

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் மானகிரிக்குப் போனார். ஆச்சியின் ஆள் வந்து சேர்வதற்குள் போய்ச் சேர வேண்டும். எத்தனையோ வீடுகளுக்குப் போனவர்தான், தன் பெயரைச் சொல்லி எந்த வீட்டுக்குள்ளும் போனதில்லை. பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் தட்டினார். மீனாள் வந்து கதவைத் திறந்தாள்.

"எம்பேரு ஏகப்பன். அன்னைக்கு வழி கேட்டு வரல. ஒங்கள விசாரிக்க வந்தேன்."

"தெரியும்."

"எப்படி?"

"வழி கேக்க வந்தவுக அந்த மோர அம்புட்டு நேரமாக் குடிப்பாக? மேற்க வழி சொன்னேன், நீங்க கிழக்க காரைக்குடிப் பக்கம் போனீக."

தான் ஒரு மோசமான நிஞ்சா என்று ஏகப்பனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மிச்சத்தையும் சொல்லித் தீர்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

"ஒங்களப் பத்தி ஒரு பொய் சொல்லிட்டேன். முசுடுன்னு. அப்பறந்தான் தெரிஞ்சது, மாப்பிள்ளையே நான்தானாம். இன்னைக்கு வேணாம்னு சொல்ல ஆள் வரும். அது பொய்னு நானே சொல்லிரணும்னு வந்தேன்."

"எதுக்குப் பொய் சொன்னீக?"

அவர் இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தன்னைப் பற்றி ஒருவர் கேட்பது இதுவே முதல் தடவை.

"பிடிச்சிருந்துச்சு" என்றார். "வெளிய தெரிஞ்சிரக் கூடாதேன்னு பயம்."

மீனாள் அவருடைய தோளைத் தாண்டி வாசற்படியைப் பார்த்தாள். செருப்பு இரண்டும் தெருவைப் பார்த்தபடி தயாராக இருந்தன.

"அன்னைக்கும் இப்படித்தான் வச்சிருந்தீக, ஓடத் தயாரா" என்றாள். "அதத் திருப்பி வச்சுட்டு உள்ள வாங்க. ஆள் வந்தா நான் பேசிக்கிறேன்."

ஏகப்பன் குனிந்து செருப்பை வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.