கால் பங்கு வாசனை

பல் டாக்டரம்மாவின் மூன்றாவது தும்மலில்தான் கார் போய்க் கேட்டில் இடித்தது. முதல் இரண்டு தும்மலுக்கும் மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்துச் சமாளித்துவிட்டார். மூன்றாவதுக்கு அவருக்கும் கூடவே தும்மல் வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடமாக டிரைவிங் சொல்லிக் கொடுக்கிற மனிதர். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் எந்தக் காரிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. இன்றைக்குக் கேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. காருக்கு முன்விளக்கு போயிற்று, மாஸ்டருக்கு மானம் போயிற்று.

"தப்பா நினைக்காதீங்க மாஸ்டர். உங்க சென்ட்டுதான்..." என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லிவிட்டு, அந்தம்மா மீதி வழியை நடந்தே போனாராம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது மாஸ்டர் உட்காரக்கூட இல்லை. கேட்டுக்கொண்டிருந்த மனைவி, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தம்ளரை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

அவளைச் சொட்டக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி லேபில் முப்பத்தைந்து வருடம் ரத்தம் எடுத்தவள். ஊசியைக் கண்டு முகம் வெளுத்தவர்களிடமெல்லாம் "ஒரே சொட்டுதாங்க, முடிஞ்சுது" என்று சொல்லிச் சொல்லி வந்த பேர். போன வருடம் அவள் ஓய்வு பெற்றாள். பேர் ஓய்வு பெறவில்லை.

மாஸ்டருக்கும் ஒரு பேர் இருந்தது. வாசனை மாஸ்டர். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது போல, அவர் கார்க் கதவைத் திறக்குமுன் ஒரு வாசனை வந்து நிற்கும். மெல்லிய கிராம்பு, அதைவிட மெல்லிய பட்டை, போகப்போகப் பழைய தோல்பையைத் திறந்தாற்போல ஒன்று. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை வியர்க்கிறவர்கள்கூட, "என்னவோ மாஸ்டர், உங்க கார்ல ஏறினா மனசு அடங்குது" என்பார்கள். அவருக்கு அது போதும். வேறு ஆடம்பரம் கிடையாது அவருக்கு. இரண்டு சட்டை மாற்றி மாற்றிப் போடுவார், ஆனால் அந்தப் பழுப்பு பாட்டில் மட்டும் தீரக் கூடாது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தியபோது, கடைசி பாட்டிலை வெயில் படாமல் பீரோவில் பூட்டி, நல்ல நாளில் மட்டும் எடுத்துப் போட்டார். அதுவும் ஒருநாள் தீர்ந்தது. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது அதே கம்பெனி அதே சென்ட்டை மறுபடி கொண்டு வந்திருக்கிறது. அவருடைய பிறந்தநாளுக்கு மகள் வாங்கி அனுப்பினாள். பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: அதே பழைய செய்முறை, ஒரு சொட்டும் மாறவில்லை. மாஸ்டர் பழைய பழக்கப்படி உள்ளங்கை நிறைய ஊற்றி, கழுத்து, மார்பு, கை என்று அள்ளிப் பூசிக்கொண்டு போனார். கிராம்பும் பட்டையும் மிளகும் புகையிலையும் கும்பலாகக் கிளம்பின. எதிர்வீட்டுக்காரர் படீரென்று ஜன்னலைச் சாத்தினார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார் மாஸ்டர். எட்டாம் நாள்தான் பல் டாக்டரம்மா தும்மியது.

"பேரை வச்சு ஊரை ஏமாத்துறானுங்க" என்று சாப்பாட்டு மேஜையில் காகிதத்தோடு உட்கார்ந்தார். கம்பெனிக்கு நாலு பக்கக் கடிதம். இது என் சென்ட் இல்லை, என் சென்ட் மென்மையானது, அதன் குணம் எனக்குத் தெரியும், பதினேழு வருடம் என் உடம்பில் இருந்தது. எழுதி முடித்து, கடைசியில் 'சாட்சி' என்று போட்டு ஒரு கோடு இழுத்து, பேனாவை மனைவியிடம் நீட்டினார்.

"நீ போடு. உன் மூக்கு லேப் மூக்கு. நீ கையெழுத்துப் போட்டா அவன் வாயே திறக்க முடியாது."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றாள் சொட்டக்கா.

கல்யாணமான நாலாம் நாள் அது. ஒற்றை அறை வீடு, ஒரே ஜன்னல், அதுவும் பாதிதான் திறக்கும். புது மாப்பிள்ளை குளித்துவிட்டு வந்து, கல்யாணத்துக்கென்று முதன்முதலாக வாங்கிய சென்ட்டைப் பூசிக்கொண்டு, மணிக்கட்டை அவள் மூக்குக்கு நேரே நீட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி. இடது பொட்டில் ஆணி இறங்கியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிக்கொண்டு வந்த பிள்ளையின் முகம். "நல்லா இருக்கு" என்றாள். சொன்ன வாய்க்கு அதற்கப்புறம் பின்வாங்க வழியில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்களே, அவளுக்குப் பொய் போதவில்லை, வேலையும் செய்ய வேண்டியிருந்தது.

முதலில் தண்ணீர் கலந்து பார்த்தாள். சென்ட் பாலாய் வெளுத்துப்போயிற்று. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் பாட்டிலைத் தரையில் போட்டு உடைத்து, கை தவறிவிட்டது என்று அழுதாள். அழுகை மட்டும் நிஜம். அடுத்த பாட்டிலுக்கு லேபிலிருந்து, மைக்ராஸ்கோப்புக் கண்ணாடித் தகடு துடைக்கிற சுத்தமான ஆல்கஹாலைச் சின்னப் புட்டியில் கொண்டு வந்தாள். முதல் மாதம் பாதிக்குப் பாதி. பிறகு மூன்றில் ஒன்று. கடைசியில் கால் பங்கு சென்ட், முக்கால் பங்கு ஆல்கஹால். அந்த அளவில் தலைவலி போயிற்று, வாசனை மட்டும் தங்கியது. "இந்த பாட்டில்ல கொஞ்சம் கம்மியோ?" என்று அவர் ஒருமுறை சந்தேகப்பட்டபோது, "உங்க மூக்குக்குப் பழகிடுச்சுங்க, இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோங்க" என்றாள். உள்ளங்கை நிறைய ஊற்றுகிற பழக்கம் அவருக்கு அப்படித்தான் வந்தது.

இதெல்லாம் மண்ணோடு போகட்டும் என்றுதான் இருந்தாள். ஒரு கையெழுத்துப் போட்டால் போய்விடும். ஆனால் முப்பத்தைந்து வருடத்தில் தப்பான ரிப்போர்ட்டில் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. பெரிய டாக்டரே வந்து கேட்டும் போட்டதில்லை. பேனா கையில் இருந்தது, கை நகரவில்லை.

"ஏங்க, அவங்க ஏமாத்தலை."

"பின்ன?"

"நான்தான்."

சொன்னாள். அளவு உட்படச் சொன்னாள். மாஸ்டர் கடைசியில் பேனாவை வாங்கி மூடி போட்டார்.

"எத்தனை பாட்டில்?"

"முதல் பாட்டில் தவிர எல்லாமே."

"அது உடைஞ்சதே."

"உடையலைங்க. உடைச்சேன்."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, உடைந்த விளக்கை மாற்றக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் போயிற்று. சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மாஸ்டர் வந்தார், சாப்பிட்டார், மழை வரும்போல இருக்கிறது என்றார், கதவைத் தாழ் போட்டுவிட்டாயா என்றார். சென்ட் போடவில்லை. அவர் பக்கத்தில் போனால் வெறும் சோப்பு வாசனைதான் வந்தது, யாரோ விருந்தாளி வீட்டில் தங்கியிருப்பதுபோல இருந்தது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. முப்பத்தி நாலு வருடம் கூட இருந்த மனிதர், இனி தன்னை ஒவ்வொரு விஷயத்திலும் முகர்ந்து பார்த்துத்தான் நம்புவாரோ என்கிற பயம். சமையலறையில் நின்று சத்தமில்லாமல் அழுதாள்.

நாலாம் நாள் மத்தியானம் மாஸ்டர் வகுப்பு முடிந்து வந்து மேஜையில் உட்கார்ந்தார். கடிதம் அங்கேயே கிடந்தது, அதன்மேல் பாட்டில். அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஊரெல்லாம் வாசனை மாஸ்டர்னு சொல்லுச்சு. என் சென்ட்டுன்னு நெனச்சிட்டிருந்தேன். அது உன் சென்ட்."

அவள் பாட்டில் மூடியை இறுக்கித் திருகினாள்.

"வேற எதுலல்லாம் கலந்த?"

ஒன்றிலும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அதை மென்று விழுங்கிவிட்டு, சொட்டக்கா உண்மையாகவே யோசித்தாள்.

"உங்க அம்மா என்னைப் பத்திச் சொன்னதை உங்ககிட்ட பாதிதான் சொன்னேன். நீங்க கோபத்துல சொன்னதை அவங்ககிட்ட கால்வாசி சொன்னேன்."

"அப்புறம்?"

"பொண்ணு ஒரு தடவை ஃபெயிலானதை ரெண்டு மாசம் தள்ளிச் சொன்னேன்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். ஸ்கூல்லேர்ந்து ஃபோன் வந்துச்சு. உனக்குத் தெரியாதுன்னு நான் மறைச்சு வச்சிருந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாஸ்டருக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. அதை உடனே அடக்கிக்கொண்டார். கோபம் இன்னும் பாக்கி இருந்தது, அதைச் சிரிப்புக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"கையை நீட்டிக்கிட்டு நிக்கிறீங்க. உங்க மூஞ்சியைப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?"

மாஸ்டர் நாற்காலியை மேஜையருகே இழுத்துப் போட்டார். பிறகு பாட்டிலைத் திறந்து, மணிக்கட்டில் ஒரே ஒரு சொட்டு விட்டு, மேஜைக்கு மேலாகக் கையை நீட்டினார். தோல் சுருங்கி, நரம்பு எழும்பிய கை.

"இப்பக் கேக்குறேன். எப்படி இருக்கு?"

சொட்டக்கா குனிந்து முகர்ந்தாள். கிராம்பு நேராகப் போய் இடது பொட்டில் ஏறியது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு இருந்த அதே முகம்தான், தலையில் மட்டும் மயிர் இல்லை.

"தலை வலிக்குதுங்க."

அவர் முகம் ஒரு கணம் வாடியது. எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். சோப்புப் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. ஈரக்கையோடு வந்து மறுபடி நீட்டினார்.

"இப்ப?"

அவள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினாள். "இன்னும் இருக்கு."

அவர் திரும்பவும் போனார். குழாய் மறுபடி திறந்தது. மேஜையில் அவர் கையிலிருந்து சொட்டிய தண்ணீரில் கடிதத்தின் மை கலங்கிக்கொண்டிருந்தது. சொட்டக்கா அதைத் துடைக்காமல், முந்தானையால் மூக்கை ஒருமுறை நன்றாகத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி வைத்துக் காத்திருந்தாள்.