ரோஸியின் வலிக்கு நான் சொன்ன அளவு

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து வந்தது. ‘ஸ்லைட்லி.’ செவ்வாய்க்கிழமை காலை அபிராமபுரத்தில் ஒரு கிளினிக்கில் அதைச் சொன்னேன். மாலையில் ரோஸி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள்.

2

தொடக்கம்: ‘நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் ரோஸி எப்போதும் சிரித்த முகத்துடன்...’

(வேண்டாம். சிரிப்பு நான் ஒட்டியது. பாதி நாள் கடுகடுவென்றுதான் இருப்பாள்.)

பத்து வருடமாக அவளிடம்தான் மீன் வாங்குகிறேன். அன்று நெஞ்சைப் பிடித்தபடி கூடையருகே சரிந்திருந்தாள். ஆட்டோவில் ஏற்றினேன்.

“உயிரு போவுதுக்கா. டாக்டராண்ட லைட்டான்னு சொல்லு.”

“ஏன்டி?”

“முழுசா சொன்னா பெட்டுல போட்ருவாரு. வஞ்சிரம் வெயில்ல கீது. நீயா விப்ப?”

மீனுக்கு நான் பேரம் பேசுவதுபோல, வலிக்கு அவள் பேரம் பேசினாள்.

3

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்ப்பாளர். (ஃபேர்லி, ரேதர், க்வைட்: இந்த ஆங்கிலச் சொற்களுக்குள் எது எவ்வளவு என்று மேடையில் பேசியிருக்கிறேன்.)

வலி எப்படி என்றார். ரோஸி “லைட்டா” என்றாள். மேசை விளிம்பைப் பற்றியிருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. பார்த்தேன். பார்த்துக்கொண்டே, பொருத்தமான சொல் உடனே வாயில் வந்த பெருமையில்

(இந்த வாக்கியத்தை நான்கு முறை முடித்து அடித்துவிட்டேன்.)

ஈசிஜி எடுக்கலாமா என்று யோசித்தவர், என் ‘ஸ்லைட்லி’யைக் கேட்டதும் வாயு மாத்திரை எழுதினார்.

[அடிக்குறிப்பு: என் ஆங்கிலத்தில் பிழையே இல்லை. பிழை என்னிடம்தான்.]

4

அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கணவர் செபாஸ்டின் எனக்கு டீ வாங்கி வந்தார்.

“நீங்க இல்லன்னா ரோட்லயே போயிருப்பாக்கா. இம்மா வலி, வாயத் தொறந்தாளா பாருங்க. திமிரு. கண்ணு முழிக்கட்டும், வச்சிக்கிறேன்.” டீயை நீட்டினார். “ஒங்களாண்டயாவது சொன்னாளா?”

5

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன். அதன்பின் அவர் என்னை அக்கா என்று கூப்பிடமாட்டார்.

முடிவு இரண்டு: ‘இல்லை’ என்கிறேன். ரோஸி கண் விழித்ததும் முதலில் கேட்பது வசவு; தப்பு அவளுடையதாகவே இருந்துவிடும்.

மூன்றாவதில் அவள் விழிப்பதில்லை. அதை நான் எழுதமாட்டேன்.

செபாஸ்டின் டீயை நீட்டியபடி நிற்கிறார். என்னால் முடியவில்லை. எனக்காக நீங்கள் பதில் சொல்லுங்கள். குறைத்து மட்டும் சொல்லிவிடாதீர்கள்.