டேஸ்டர் வீட்டு நாலு மணி டீ

மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் மாலை நாலு மணிக்கு, தேயிலைக் கம்பெனி டேஸ்டர் வீட்டில் அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டு டீ போட்டது. அந்த வாரம் பால் விலை ஏறியிருந்தது. இருந்தும் பாலில் கஞ்சத்தனம் இல்லை. கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது, ஏலக்காய் டப்பா மூடியைத் திருகும் சத்தம் கேட்டது, பொங்கி வரும்போது பாத்திரத்தைத் தூக்கி ஒரு சுழற்று சுழற்றி இறக்குகிற சத்தமும் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தார். மேடைமேல் கண்ணாடி டம்ளர் நிறைய டீ, பக்கத்துச் சாஸரில் இரண்டு ரஸ்க். வடிகட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. சிலிண்டரைக்கூட மறக்காமல் மூடியிருந்தது. உயிரோடு இருந்தபோதும் அந்த அம்மாள் அப்படித்தான், ஒன்றைச் செய்து ஒன்றை மறக்கிற ஆள் இல்லை.

கம்பெனியில் டேஸ்டருக்கு 'நாக்கு' என்று பெயர். "நாக்கு சார் வந்தாச்சா?" என்றுதான் மேனேஜர்கூடக் கேட்பார். ஜன்னலோர நீள மேஜையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். கறுத்துத் தடித்த அஸ்ஸாம், வைக்கோல் நிறத்தில் பூ மணக்கும் டார்ஜிலிங், இரண்டுக்கும் நடுவில் தெளிவாக, யார் வம்புக்கும் போகாத நீலகிரி. கரண்டியில் அள்ளி, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி 'ஸ்ர்ர்' என்று உறிஞ்சுவார். சாறு தூறல்போல வாய் முழுக்கச் சிதறவேண்டும். அண்ணத்தில் ஒரு சுற்று, அடுத்த நொடி தொட்டியில் துப்பல். தீர்ப்பு ரெடி. ஒரு சொட்டு விழுங்கக் கூடாது. விழுங்கினால் அடுத்த கோப்பைக்கு நாக்கு பொய் சொல்லும் என்பது அந்த அறையின் சட்டம். அந்த நாக்குக்காகக் கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டில் மிளகாய் இல்லை, வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. நல்ல கைமணம் உள்ள பெண், ஆஸ்பத்திரிச் சாப்பாடு சமைத்தே காலத்தை ஓட்டினாள். அவளுக்கென்று மிஞ்சியது நாலு மணி டீ ஒன்றுதான். இஞ்சி, ஏலம், பட்டை, கிராம்பு, ரெண்டு மிளகு என்று தன் ஆசையெல்லாம் அதில் கொட்டினாள். கணவர் அந்த டம்ளரோடு வாஷ்பேசின் பக்கம் போவார். ஸ்ர்ர். ஒரு சுற்று. துப்பல்.

"பாடி இருக்கு, சாறு நல்ல கனம். பட்டை கொஞ்சம் தூக்கல்."

"ஜட்ஜ் ஐயா தீர்ப்பு சொல்லிட்டாரு. ஏங்க, ஒரு வாய் தொண்டைக்குள்ள எறங்கினா என்ன, குத்துமா?"

"நாக்கு கெட்டுடும்."

"கெட்டா தேன் தடவிக்கலாம். நான் போட்டதெல்லாம் குழாய்ல போகுதே, அதுக்கு எதைத் தடவறது?"

இரண்டு பேரும் சிரிப்பார்கள். மிச்சத்தை அவளே குடித்து முடிப்பாள். இப்படியே மகள் பிறந்து, படித்து, பஸ் டிப்போ டிக்கெட் கவுன்ட்டரில் வேலைக்கும் போய்விட்டாள். ஒரு மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனது.

தானாக எரியும் அடுப்பைப் பற்றி முதலில் சத்தம் போட்டது டேஸ்டரின் அக்காதான். "தம்பி, இது வேண்டாம்டா. அடுப்பையே மாத்திடு" என்று ஆரம்பித்து, தானே போய் மெக்கானிக்கைக் கையோடு கூட்டிவந்தார். மெக்கானிக் டியூபை முகர்ந்தார், பர்னரைக் கழற்றி ஊதினார், நாலு மணி வரைக்கும் காத்திருந்து தன் கண்ணாலேயே பார்த்தார். "லீக் எதுவும் இல்லைங்க. டீ தானா போட்டுக்குது, அவ்வளவுதான். அது சர்வீஸ்ல வராது" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அக்கா அடுப்பை மாற்றும் பேச்சை விட்டுவிட்டார். அந்தத் தெருவுக்கும் விஷயம் பழகிவிட்டது.

டேஸ்டர் மட்டும் பதறினார். அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. முதல் நாள் டீ அப்படியே அவள் கைப்பக்குவம். கண்ணை மூடினால் அவள் பக்கத்தில் நிற்கிற மாதிரி. சில நாளில் ஏலக்காய் மணம் இறங்கியது. டப்பாவைத் திறந்து பார்த்தார், நிறைய இருந்தது. இன்னும் சில நாளில் கிராம்பு இல்லை. அடுத்து பட்டை. ஒரு வெள்ளிக்கிழமை மிளகின் காரம் நாக்கின் பின்பக்கம் வந்து சேரவே இல்லை. அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தபோது, வாஷ்பேசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கம்பெனியிலிருந்து கெஞ்சி முதல்தரத் தேயிலை வாங்கிவந்தார். அஸ்ஸாமை அடுப்புக்கு வலப்பக்கம் வைத்தார், டார்ஜிலிங்கை இடப்பக்கம் வைத்தார். புது இஞ்சி, பச்சை ஏலம், நயம் பட்டை எல்லாம் மேடையில் பரப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. டீ நாளுக்கு நாள் இளைத்தது. இன்றைக்கு அவள் எவ்வளவு மிச்சம் என்று துல்லியமாகத் தெரியவேண்டுமே! ஒரு வாய் பத்தாமல் இரண்டு வாய், இரண்டு பத்தாமல் டம்ளர் முழுவதையும் உறிஞ்சினார். உறிஞ்சியதை எல்லாம் பழக்கப்படி துப்பினார்.

ஒருநாள் ஷிஃப்ட் மாறி மகள் சீக்கிரம் வந்தாள். அவள் வீடு திரும்பும் நேரத்துக்கு எப்போதும் காலி டம்ளர்தான் மிச்சம் இருக்கும். அப்பா ஆசையாகக் குடித்திருக்கிறார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அன்றைக்கு ஹேண்ட்பேக்கைத் தோளிலிருந்து கழற்றாமல் வாஷ்பேசின் அருகே வந்து நின்றாள்.

"அப்பா."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "இஞ்சி மட்டும்தாம்மா பாக்கி. அதுவும் பாதிதான்."

"எங்க அம்மாவை ஏம்ப்பா துப்புறீங்க?"

அவர் குழாயைத் திறந்து பேசினைக் கழுவப் போனார். மகள் பாய்ந்து குழாயை மூடினாள்.

மறுநாள் விழுங்கிவிடுவது என்று சபதம் செய்துகொண்டு உட்கார்ந்தார். முடியவில்லை. வாய்க்குள் டீ போனதும் நாக்கு தன் பாட்டுக்கு ஒரு சுற்று சுற்றித் தள்ளிவிட்டது, சட்டையெல்லாம் டீ. அதற்கடுத்த நாள் நின்றுகொண்டு முயன்றார், பிறகு படுத்துக்கொண்டு முயன்றார். ரஸ்க்கை நனைத்துச் சாப்பிட்டால் கூடவே இறங்கும் என்று அக்கா யோசனை சொன்னார். ரஸ்க் உள்ளே போனது, டீ வெளியே வந்தது. சொந்தத் தொண்டை அவர் பேச்சைக் கேட்கவில்லை. இஞ்சி போய்விட்டது. பால் நீர்த்தது. நிறம் வெளுத்தது. மகள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"வாயைத் திறங்க."

"குழந்தையா நான்?"

"அம்மா இருந்திருந்தா மூக்கைப் பிடிச்சு ஊத்தியிருப்பா. திறங்கப்பா, ஆறிடும்."

ஊற்றினாள். ஒரு கையால் அவர் தாடையை நிமிர்த்தி, இன்னொரு கையால் உதட்டை இறுக்கிப் பொத்தினாள். நாக்கு திமிறியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. குரல்வளை மேலே ஏறி, நின்று, கீழே இறங்கியது. டம்ளர் காலியாகும்வரை மகள் விடவில்லை. கையை எடுத்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"எப்படிப்பா இருந்துச்சு?"

வாழ்நாளில் முதல்முறையாக அவர் தீர்ப்புச் சொல்லத் தயங்கினார். அன்றைக்கு டம்ளரில் இருந்தது டீயே இல்லை.

"தண்ணிம்மா. வெறும் வெந்நீர்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே கேட்டாள்: "சூடாவா இருந்துச்சு?"

"ஆமாம்மா. நல்ல சூடு."

அதற்குப் பிறகு அடுப்பு தானாகப் பற்றவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனார். நாக்கு கெட்டிருக்கும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதுவே சரியான தண்டனை என்ற எண்ணத்தோடுதான் கரண்டியை எடுத்தார். கெடவில்லை. அஸ்ஸாம் அஸ்ஸாமாகவும் டார்ஜிலிங் டார்ஜிலிங்காகவும் இருந்தது. ஒரு கோப்பைக்குக்கூடத் தீர்ப்பு பிசகவில்லை. மேனேஜர் தட்டிக்கொடுத்தார். டேஸ்டர் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். வெளியே வந்து மிச்சக் கோப்பைகளையும் முடித்தார்.

அந்த வாரக் கடைசியில் தெரு கூட்டும் பெண் வந்து கதவைத் தட்டினாள். "ஐயா, உங்க வீட்டுப் பின்பக்கக் குழாய் சாக்கடையில விழுதில்ல, அங்கேர்ந்து தெருமுனை வரைக்கும் சாயங்காலமானா ஏலக்காய் மணக்குது. என் சர்வீஸ்ல இப்படி ஒரு சாக்கடையைப் பார்த்ததில்ல" என்றாள். டேஸ்டர் செருப்புகூட மாட்டாமல் ஓடினார். குனிந்து முகர்ந்தார். ஏலம், பட்டை, கிராம்பு, மிளகு, இஞ்சி, ஒன்று குறையாமல் எல்லாம் அதில் இருந்தது. எட்டிப் பிடிக்க எதுவும் இல்லை. தண்ணீர் அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

இப்போது வருஷங்கள் ஆகிவிட்டன. மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். வந்தால் அவளும் கொஞ்ச நேரம் நிற்பாள். டேஸ்டர் தினமும் சாயங்காலம் சாக்கடைப் பாலத்தின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறார், வாசனை கடந்து போனதும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறார். தெருவில் யாரும் எதுவும் கேட்பதில்லை. அடைப்பு எடுக்கிற நகராட்சி ஆட்கள் அந்தத் தெருவுக்கு மட்டும் காலையிலேயே வந்து வேலையை முடித்துவிடுகிறார்கள். சாயங்காலம் அந்த அம்மா போகிற நேரம் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு.