இடப்பக்கக் கதவின் விளக்கு

மூன்றாவது தடவையாக ஜவ்பர் கிறிஸ்தோபரின் காரில் வேகம் காட்டும் மீற்றர்ப் பெட்டியைக் கழற்றினான். முதல் தடவை, பழுத்துப்போயிருந்த பழைய பல்ப்புகளை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டுக் கொடுத்தான். இரண்டாம் தடவை, அதைவிடப் பலமான வெள்ளை. இன்றைக்கு டாஷ்போர்ட்டின் அடியில் நீளமாக ஒரு பட்டி, கால் வைக்கும் இடத்தில் இரண்டு, கதவு ஒவ்வொன்றுக்கும் ஒன்று, கூரையில் ஒன்று என்று கிறிஸ்தோபர் கேட்டிருந்தார்.

“என்ன அண்ணன், வீட்டில கலியாணம் ஏதும் இரிக்கா?”

“ஹயர் ஓடுற கார்தானே தம்பி. ஏறுற சனத்துக்கு வடிவா இருக்க வேணும்.”

வீட்டிலிருந்து துறைமுகத்தடிக் கராஜுக்கு வரும்வரை கிறிஸ்தோபர் வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டு வந்த பதில் அது. சொன்னபிறகு ஒரு நிம்மதி வந்தது. மனைவி றீற்றாவுக்கும் அதையேதான் சொல்லியிருந்தார். அவள் நம்பவில்லை. “கொடியேத்தத்துக்குக் கோயில் சோடிக்கிற மாதிரிக் காரைச் சோடிக்கிறியள். அறுபத்தொரு வயசில என்ன ஆசையோ,” என்று சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆசை என்று அவள் நினைப்பது எவ்வளவோ நல்லது.

சித்திரை மாதத்தில் ஒருநாள் பின்னேரம், சல்லி மீனவக் கிராமத்துக்குப் போகும் வழியில், மீன்பெட்டி கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஒருவன் காரின் இடப்பக்கத்தில் ஓங்கி அடித்துக் கத்தினான். “கண் தெரியாதே உனக்கு?” பெட்டி சரிந்து மீன்கள் தாரில் கொட்டிக் கிடந்தன. அவனுக்குக் கையில் ஒரு சிராய்ப்புத்தான். ஆனால் அந்தச் சைக்கிளைக் கிறிஸ்தோபர் காணவேயில்லை. மறைத்துக்கொண்டு எதுவும் நிற்கவில்லை, வெட்டவெளியான றோட்டு. அதற்கடுத்த கிழமை கண் டொக்டரிடம் போனார். டொக்டர் இளம் பிள்ளை, மரியாதையாகக் கதைத்தாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்றாள். “போனது திரும்பி வராது ஐயா. மிச்சத்தைக் காப்பாத்தப் பாப்பம். வாகனம் ஓடுறதை இண்டையோட விட வேணும்.” வீட்டுக்கு வந்து, கண்ணாடி மாற்றச் சொன்னவ என்று றீற்றாவிடம் சொன்னார். காலையும் மாலையும் விடுகிற சொட்டுமருந்து தூசிக்கு என்றார்.

கார் ஓடுவதை அன்றைக்கே விட்டிருக்கலாம். ஆனால் பொழுது சாய்கிற நேரம் மீற்றர் முள் தெரியவில்லை என்பதை வைத்துக்கொண்டு அவர் வேறொரு கணக்குப் போட்டார். பல்ப் பழசு. இருபது வருசத்துக் கார். குறை கண்ணில் இல்லை, வெளிச்சத்தில். ஜவ்பர் முதல் எல்.இ.டி.யைப் போட்டுவிட்ட அன்று, கறுப்பு வட்டத்துக்குள் முள் மீன்முள்ளைப்போல் வெள்ளையாக எழும்பி நின்றது. அவருக்கு அழுகை வந்தது. சரியாக மூன்று கிழமை. பிறகு முள் மெல்ல மெல்லப் புகைக்குள் இறங்கியது.

ஓடாமல் விடமுடியாததற்கு இன்னொரு காரணம் யசோதரா. சல்லியில் இருக்கும் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். இரண்டு வருசமாக ஏற்றிப் போவதும் கொண்டுவந்து விடுவதும் கிறிஸ்தோபர்தான். புருசன் கடலுக்குப் போகிறவர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது சிலநாள் அவளுக்குச் சத்தி வந்து வாந்தியெடுப்பாள். சிலநாள் சீற்றில் படுத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசமாட்டாள். அவருக்கு முன் வேறு இரண்டு டிரைவர்மார் ஆளுக்கு ஒரு மாதம் ஓடிவிட்டு ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். “நீங்கள் எண்டபடியாத்தான் அண்ணை நான் இன்னும் போய் வாறன்,” என்று ஒருமுறை சொன்னாள். அந்தச் சொல்லை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பலநாள் வைத்திருந்தார்.

நாலு மணிபோல வேலை முக்கால்வாசி முடிந்தது. வெயிலில் வெளிச்சம் சரிவரத் தெரியாது என்று ஜவ்பர் கராஜின் முன்பக்கத்துத் தறப்பாள் திரையை இறக்கிவிட்டான். உள்ளே இருள் கட்டியது. கிறிஸ்தோபர் ஸ்ரியறிங்குக்கு முன்னால் இருந்தார். ஜவ்பர் மறுபக்கத்து யன்னலடியில் நின்று றிமோட்டை அமத்தினான். டாஷ்போர்ட்டின் கீழே நீலம் ஓடியது, பிறகு பச்சை, பிறகு வெள்ளை. முழங்கால், கியர்த்தடி, சாவி தொங்குகிற இடம் எல்லாம் தெரிந்தன. நல்ல வெளிச்சம். ஒரு பிழையும் வராது என்று நெஞ்சு சொன்னது.

“இடப்பக்கக் கதவு எப்பிடி அண்ணன்?” என்றான் ஜவ்பர்.

“அதுவும் நல்ல வடிவு.”

ஜவ்பர் றிமோட்டை அமத்துவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டோம் என்று கிறிஸ்தோபருக்கு விளங்கியது. என்ன பிழை என்று விளங்கவில்லை. தலையைத் திருப்பி நேராகப் பார்த்தார். கதவின் உட்பலகை அங்கே இல்லை. வெறும் தகரமும் தொங்குகிற வயர்களும்தான்.

“அந்தக் கதவுக்கு லைட் நான் இன்னும் பூட்டல்ல அண்ணன். வேணுமெண்டுதான் கேட்டன். மன்னிச்சுக்கங்க.” றிமோட்டை டாஷ்போர்ட்டில் வைத்தான். “மூணாந்தரம் மீற்றரைக் கழட்டச் சொன்னதும் யோசிச்சன். எவ்வளவு நாளா?”

“சித்திரையில இருந்து.”

“டொக்டர்?”

“ஓடக்கூடாதெண்டவ.”

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் திருப்பிக் கோபப்பட்டிருக்கலாம். ஜவ்பர் தறப்பாளை உயர்த்தினான். வெயில் உள்ளே விழுந்ததும் விளக்குகள் எல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயின. “என்ட மகள் ஸஹ்ரா சைக்கிள்லதான் ஸ்கூலுக்குப் போறவ,” என்று றோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஒவ்வொரு நாளும் இடப்பக்கத்தாலதான் போறவ.” வெளியே யாரோ ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்கள்.

“ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில ஒரு ஆள் காத்துக்கொண்டிருக்கும்,” என்றார் கிறிஸ்தோபர் கடைசியில். குரல் தனக்கே கெஞ்சுவதுபோல் கேட்டது. “நடக்கக்கூடத் தெம்பில்லாத பிள்ளை. இண்டைக்கு மட்டும்...”

ஜவ்பர் கதவின் உட்பலகையை எடுத்துப் பூட்டத் தொடங்கினான். வயரைக் கொழுவி, ரேப் சுற்றி, பட்டியை ஒட்டி, ஒன்றும் குறைவிடாமல் செய்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வலப்பக்கத்துக்கு வந்து நின்றான். “இறங்கி அங்கால இருங்க. நான் ஓடுறன்.”

சொந்தக் காரின் இடப்பக்கத்துச் சீற்றில் கிறிஸ்தோபர் அன்றுவரை இருந்ததில்லை. காலுக்கடியில் மிதிக்க ஒன்றுமில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைக்கு நடுவில் சொருகிக்கொண்டார்.

யசோதரா ஊசி குத்திய கையில் பஞ்சும் வெள்ளைப் பந்தனக் கட்டுமாக வந்து ஏறினாள். ஏறியதும், “அம்மாடி, கலியாண வீடு மாதிரிக் கிடக்கு,” என்று சிரித்தாள். பிறகுதான் முன்னால் ஸ்ரியறிங்கில் வேறொருவன் இருப்பதைப் பார்த்தாள். “ஏன் அண்ணை, சுகமில்லையே?” 

“கண்ணில ஒரு சின்னக் கரைச்சல்,” என்றார். றீற்றாவுக்கும் சொல்லாததை வாய்திறந்து ஒருத்திக்குச் சொல்கிறார், அதிலும் பாதிதான்.

ஊர் தாண்டியதும் பொழுது இருண்டது. கதவிலும் கூரையிலும் எரிந்த நீலம் முன்கண்ணாடியில் விழுந்து, றோட்டை மூடிக்கொண்டு நின்றது. ஜவ்பர் எட்டி ஒரு பொத்தானை அமத்தினான். உள்ளே இருந்த அத்தனை விளக்குகளும் அணைந்தன. “உள்ளுக்க வெளிச்சம் கூடினா வெளிய தெரியாது அண்ணன்,” என்றான். அவன் கண்ணுக்கு றோட்டுத் திரும்பி வந்திருக்கவேண்டும், கார் வேகமெடுத்தது. கிறிஸ்தோபருக்கு முன்னால் ஒரு சாம்பல் துண்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“நாளண்டைக்கு வருவியள்தானே அண்ணை?” என்று யசோதரா பின்னாலிருந்து கேட்டாள். அவர் ஜவ்பரின் பக்கம் திரும்பினார். ஜவ்பர் றோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவனுக்கும் கராஜ் இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. “ஆரையும் பாத்து ஒழுங்குபடுத்திவிடுறன்,” என்றார் கிறிஸ்தோபர். பின்னால் அவள் சீற்றில் சாய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சல்லியில் இறங்கி, யசோதரா கருவாட்டுப் பந்தல்களுக்கு நடுவால் நடந்தாள். கையிலிருந்த வெள்ளைப் பந்தனம் அவருக்குக் கொஞ்சத்தூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. வீட்டுக்குள் போய்விட்டாளாக்கும் என்று யன்னல் கண்ணாடியை ஏற்றப் போனார்.

“நிண்டு கை காட்டுறா அண்ணன்,” என்றான் ஜவ்பர்.

கிறிஸ்தோபர் கையை வெளியே நீட்டி, கடற்சத்தம் வந்த பக்கமாக ஆட்டினார். ஜவ்பர் காரை எடுக்காமல் இருந்தான். அவரும் ஆட்டிக்கொண்டேயிருந்தார்.